டோப்போ ஆற்றங்கரைச் சிறுதாவரம்

இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. கவிதையால் என்ன பயன்? கேட்பவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவராக இருப்பார். பதில் சொல்ல நாமும் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கிறோம். பயன் என்ற அளவுகோலே இங்கே பொருந்தாது என்று தொடங்கி, மனித அனுபவம், மொழியின் ஆழம் என்றெல்லாம் நெடுநேரம் வாதிடுவோம். அதே கேள்வியை வேறொன்றைக் குறித்து நம்மில் ஒருவரே கேட்டபோதுதான் அதன் முழு எடையும் எங்களுக்கு உறைத்தது.

ஆனைமலைப் பக்கம் சென்று வந்த நண்பர் ஒருவர், காட்டோரச் சாலையில் உதிர்ந்து கிடந்த முதிர்ந்த இலை ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார். இலையின் மேற்பரப்பில் மங்கலான பச்சைத் திட்டுகள் இருந்தன. வெறுங்கண்ணுக்கு அழுக்கு என்றோ பூசணம் என்றோதான் தோன்றும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது அந்தத் திட்டு ஒரு கொடியாகத் தெரிந்தது. தலைமயிர் அளவே தடிமன் கொண்ட தண்டு, அதன் இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே கவிந்து அடுக்கப்பட்ட இலைகள், இலையின் அடியில் மடிந்த சிறு பைகள். இலையின் மேல் இன்னொரு காடு. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். வாழ்நாளில் பாதியைக் கவிதை வாசிப்பிலேயே கழித்த நண்பர் ஒருவர் நிமிர்ந்து, "இதனால் என்ன பயன்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறேதும் இல்லை. ஆனால் அதற்கு எங்களில் எவரிடமும் உடனடியாகப் பதில் இல்லை என்பது எங்களையே வியக்க வைத்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதப்படும் ஒரு பதில்.

நாங்கள் பார்த்தவை இலைமேல் வாழும் ஈரல் தாவரங்கள். ஈரல் தாவரங்கள் பாசிகளுக்கு நெருங்கிய உறவினர். வேரும் பூவும் விதையும் அற்றவை. உலகெங்கும் ஏறத்தாழ 7,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை லெஜூனியேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெப்பமண்டல மலைக்காடுகளில், மேகம் தரைவரை இறங்கும் உயரங்களில், உயிருள்ள இலைகளின் மேற்பரப்பையே நிலமாகக் கொண்டு வாழ்பவற்றில் பெரும்பாலானவை இக்குடும்பத்தினவே. ஒரே இலையில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் நெருங்கி வாழ்வதுண்டு.

இவற்றின் வாழ்க்கையில் உள்ள நெருக்கடியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மரத்தின் பட்டையிலோ பாறையிலோ வாழும் பாசிக்குக் காலம் நிறைய இருக்கிறது. இலையில் வாழ்வதற்கு அது இல்லை. மழைக்காட்டின் அடித்தளத்தில் ஓர் இலை சில ஆண்டுகளே நிலைக்கும், பிறகு உதிர்ந்துவிடும். அதற்குள் பற்றிக்கொண்டு, வளர்ந்து, அடுத்த தலைமுறையை வேறோர் இலைக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே இக்குடும்பத்தின் வித்துகள் வித்துப்பைக்குள் இருக்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடுகின்றன. வெளியேறும்போதே பல செல்கள் கொண்ட சிற்றுடலாக அவை வெளியேறுகின்றன. கோலோலெஜூனியா என்ற பேரினத்தில் இலைப்பரப்பிலேயே தட்டு வடிவிலான சிறு மொட்டுகள் தோன்றி, மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டு, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இந்தத் தாவரங்களின் இலை ஒரே ஒரு செல் தடிமன் மட்டுமே கொண்டது. நீரைச் சேமிக்க வேர் இல்லை, உலராமல் காக்கத் தோல் இல்லை. இலையின் அடியில் மடிந்திருக்கும் அந்தப் பை, மழை நின்ற பிறகும் ஒரு துளி நீரைச் சற்றுநேரம் தக்கவைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு.

கொலூரா என்ற பேரினத்தில் இந்தப் பை இன்னும் விந்தையானது. அதன் வாயில் உட்புறமாக மட்டுமே திறக்கும் மூடி ஒன்றுண்டு. நீரில் நீந்தும் ஒற்றைச் செல் உயிரிகள் உள்ளே நுழைந்தால் வெளியேற வழியில்லை. கென்யாவின் மலைநாட்டில் கிடைத்த கொலூரா இனமொன்றை வைத்து நடத்திய சோதனைகளை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். உயிரிகள் உண்மையிலேயே பிடிபடுவதை அவர்கள் கண்டார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய இலையின் நுனியில் ஒரு பொறி.

இவ்வளவையும் அறிந்த பின்னரும் நண்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது. சொல்லப்போனால் அந்தக் கேள்வி இத்தாவரங்களின் பெயரிலேயே இருக்கிறது. உடலுறுப்பைப் போலத் தோற்றமளிக்கும் தாவரம் அந்த உறுப்பின் நோயைக் குணப்படுத்தும் என்று இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். தரையில் படர்ந்து மடல்மடலாக வளரும் சில இனங்கள் ஈரலை ஒத்திருந்தமையால் இவற்றுக்கு ஈரலின் பெயர் கிடைத்தது. மருந்தாகும் என்ற எதிர்பார்ப்பில் சூட்டிய பெயர் அது. எதிர்பார்ப்பு பொய்த்தது, பெயர் நிலைத்தது. தமிழில் நாம் பெயர்த்துக்கொண்டதும் அந்த ஏமாற்றத்தைத்தான்.

தமிழில் இவை அனைத்துக்கும் நமக்கு இருக்கும் பழைய சொல் பாசி. குளத்தில் மிதப்பது, கிணற்றுப் படியில் வழுக்குவது, மரப்பட்டையில் படர்வது எல்லாம் பாசி. குறுந்தொகையில் பரணர் பாசியைப் பசலைக்கு உவமையாக்கினார். கைபட்டால் விலகுவதும் கையெடுத்தால் மீண்டும் பரவுவதுமான அதன் இயல்பை இவ்வளவு நுட்பமாகக் கண்ட இன்னொரு கவிஞனைக் காண்பது அரிது. ஆனால் அங்கும் பாசி வேறொன்றைச் சொல்வதற்காகவே வருகிறது என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். உவமையும் ஒருவகைப் பயன்பாடுதான். மருத்துவன் தாவரத்தில் மருந்தைத் தேடுகிறான். நாம் மனத்தின் சாயலைத் தேடுகிறோம். இருவரும் அதையே பார்ப்பதில்லை. பரணரைக் குறைசொல்வது எங்கள் நோக்கமல்ல. அவர் பார்த்துவிட்டு உவமித்தார். பாராமலே உவமிக்கும் நம் காலத்துப் பழக்கத்தைத்தான் சொல்கிறோம்.

இங்கேதான் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸின் நினைவு எங்களுக்கு வந்தது. 1817இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்து, தாமும் கணித ஆசிரியராகச் சில காலம் பணியாற்றி, 1849இல் அமேசானுக்குக் கப்பலேறியவர். இடையில் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் பதினைந்து ஆண்டுகள் அமேசானிலும் ஆண்டீஸிலும் தாவரங்களைச் சேகரித்தார். அதே காலத்தில் அமேசானில் இருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அவருடைய நெருங்கிய நண்பர். ஸ்ப்ரூஸின் மறைவுக்குப் பிறகு அவருடைய பயணக் குறிப்புகளைத் தொகுத்து 1908இல் நூலாக்கியவரும் வாலஸ்தான்.

ஸ்ப்ரூஸின் வருமானம், சேகரித்த மாதிரிகளை ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கு விற்பதிலிருந்தே வந்தது. ஆகவே எவருக்கும் பயன்படும் தாவரங்களை அவர் அலட்சியம் செய்யவில்லை. ரப்பர் மரங்களை ஆராய்ந்தார். அமேசான் பழங்குடிகள் சடங்குகளில் அருந்தும் மயக்கந்தரும் கொடியை 1852இல் கண்டு அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் அவருடைய உள்ளம் இளமை முதலே பாசிகளிடமும் ஈரல் தாவரங்களிடமும் இருந்தது.

1857இல் அவர் பெரு நாட்டிலிருந்து கனேலோஸ் காடு வழியாக எக்வடோரின் மலைநாட்டுக்கு ஏறிச் சென்றார். பஸ்தாஸா நதியின் துணையாறான டோப்போவின் கரையை அடைந்தபோது ஆறு வெள்ளத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. கடக்க வழியில்லை. மழை விடவில்லை. உணவு குறைந்துகொண்டே வந்தது. சுமை தூக்கி வந்தவர்கள் பொறுமையிழந்தார்கள். கடைசியில் மூங்கில்களை வெட்டிப் பாறைக்குப் பாறை இட்டுத்தான் அவர்களால் அக்கரை சேர முடிந்தது. அந்தப் பயணத்தின் துயரங்களிடையே ஒரு சாதாரணப் பாசியைக் கூர்ந்து நோக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் மறக்க முடிந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறியதை ஸ்ப்ரூஸ் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த டோப்போ ஆற்றங்கரைப் புதர்களின் கிளைகளில், வெள்ளம் வந்து நனைத்துச் செல்லும் இடத்தில், அதுவரை எவரும் அறியாத ஓர் ஈரல் தாவரத்தை அவர் கண்டார். பின்னர் அதற்கு மிரியோகோலியா இர்ரோராட்டா என்று பெயரிட்டார். இர்ரோராட்டா என்றால் இலத்தீனில் பனித்துளி தெளிக்கப்பட்டது என்று பொருள்.

அடுத்து நிகழ்ந்தது நம் மண்ணோடு நேரடியாகத் தொடர்புடையது. மலேரியாவுக்கு அன்றிருந்த ஒரே நல்ல மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்த குயினைன். மரம் ஆண்டீஸில் மட்டுமே வளர்ந்தது. அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும் திட்டத்தை கிளெமென்ட்ஸ் மார்க்கம் வகுத்தார். எக்வடோரின் செம்பட்டைச் சின்கோனாவைச் சேகரிக்கும் பொறுப்பு ஸ்ப்ரூஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1860 ஏப்ரலில் அவருடைய உடல் திடீரென முறிந்தது. முதுகும் கால்களும் செயலிழந்தன. அந்நிலையிலும் சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் லிமோன் என்ற இடத்தில் மாதக்கணக்கில் தங்கி, கனிகள் முற்றக் காத்திருந்து, ஏறத்தாழ 1,00,000 விதைகளைச் சேகரித்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்கலைஞர் உடனிருந்து 600க்கும் மேற்பட்ட நாற்றுகளை வளர்த்தெடுத்தார். தெப்பத்தில் ஆற்றைக் கடந்தும் கப்பலேறியும் உலகைச் சுற்றி வந்த அவை, 1861இல் உதகமண்டலத்தை அடைந்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் எழுந்த சின்கோனாத் தோட்டங்களின் தொடக்கம் இதுதான்.

அதே 1861இல் குவாயாகில் நகரில் ஒரு வணிக நிறுவனம் முறிந்தது. ஸ்ப்ரூஸ் அதில் இட்டிருந்த வாழ்நாள் சேமிப்பு முழுதும் அதோடு போயிற்று. 1864இல் அவர் இங்கிலாந்து திரும்பியபோது கையில் பணமும் இல்லை, உடலில் தெம்பும் இல்லை. ஆண்டுக்கு 50 பவுண்டு ஓய்வூதியம் கிடைத்தது. மார்க்கம் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு இந்திய அரசின் சார்பில் இன்னொரு 50 பவுண்டு சேர்ந்தது. எஞ்சிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை யார்க்‌ஷயரின் சிறு கிராமக் குடில்களில் கழித்தார். மேசையின் முன் நிமிர்ந்து உட்கார முடியாத அந்த மனிதர் சாய்ந்து கிடந்தபடியே நுண்ணோக்கியில் பார்த்தார். உலர்ந்த ஈரல் தாவரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. ஆண்டுகள் பல கடந்தாலும் ஒரு துளி நீர் பட்டால் இலைகள் விரிந்து பழைய உருவத்தைக் காட்டும். மூடிய அறையில், காகித உறைகளைப் பிரித்து, துளித்துளியாக நீரிட்டு, டோப்போவின் கரையை அவர் மீண்டும் மீண்டும் விரித்துப் பார்த்திருக்க வேண்டும். அவ்வுழைப்பின் பயனாக 1884, 1885 ஆண்டுகளில் அமேசானின், ஆண்டீஸின் ஈரல் தாவரங்களைக் குறித்த அவருடைய பெருநூல் எடின்பரோவின் தாவரவியல் கழகத்து வெளியீடாக வந்தது. 700 அளவிலான இனங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. கோலோலெஜூனியா, லெப்டோலெஜூனியா, டிரெபனோலெஜூனியா என்று இன்று வழங்கும் பேரினங்களை முதலில் தனித்தனிப் பிரிவுகளாக அடையாளம் கண்டவர் அவரே. ஆனைமலையிலிருந்து வந்த எங்கள் இலையில் வாழ்ந்தவற்றின் குடும்பத்தை ஒழுங்குபடுத்தியதும் அந்தச் சாய்வுக் கட்டிலில்தான்.

ஈரல் தாவரங்களால் மனிதனுக்கு மருந்தும் இல்லை, மயக்கமும் இல்லை, உணவும் இல்லை என்பதை ஸ்ப்ரூஸ் ஒரு கடிதத்தில் தாமே ஒப்புக்கொள்கிறார். அவை தம்மளவில் அழகியவை, தமக்கே பயன்படுபவை, ஓர் உயிர் இருப்பதற்கு அதைவிட முதன்மையான காரணம் தேவையில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. இதைச் சொன்னவர் வெறும் அழகியல்வாதி அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பயனுள்ள தாவரங்களில் ஒன்றைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பி, அதற்குத் தம் உடல்நலத்தையே விலையாகக் கொடுத்தவர் அவர். பயன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தம் எஞ்சிய வாழ்நாளை அவர் எதற்குக் கொடுத்தார் என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

பயனுள்ள அந்த மரத்தின் கதை இங்கே என்னவாயிற்று என்றும் பார்த்துவிடுவோம். சின்கோனாவை நட நீலகிரியின் சோலைகள் வெட்டப்பட்டன. சோலை என்பது மேகத்தைப் பிடித்து வைக்கும் காடு. இலைமேல் வாழ்பவற்றுக்கு உகந்த வீடு. காட்டின் கூரை திறந்து வெயிலும் காற்றும் உள்ளே புகுந்தால் முதலில் மறைபவை இவையே. ஸ்ப்ரூஸ் அனுப்பிய பயனுள்ள தாவரம், அவர் நேசித்த பயனற்ற தாவரங்களின் உறவினரை அவர் கண்ணால் காணாத ஒரு நாட்டில் அழித்தது. அவர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. குயினைன் உயிர்களைக் காத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது வங்காளத்து அஞ்சலகங்களில் சிறு பொட்டலங்களாக ஏழைகளுக்கும் எட்டும் விலையில் விற்கப்பட்டது. பிறகு இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டிச் செயற்கை மருந்துகள் வந்தன. குயினைனின் தேவை சுருங்கியது. சின்கோனாத் தோட்டங்கள் தேயிலைக்கும் தைல மரத்துக்கும் இடம்விட்டன. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரிவது தேயிலை. பயன் காலாவதியான பிறகு எஞ்சியது பெயர்ப்பலகை மட்டுமே. வெட்டிய காடு திரும்பவில்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே எழுந்த மறுப்பை மறைக்க விரும்பவில்லை. மலேரியாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று பயன் என்பது அற்பம் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? இலங்கையில் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் இங்கே அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தாம் வேலையும் கூரையும் தந்தன. அவர்களிடம் சென்று சோலைக்காட்டின் பாசிகளுக்காக அழுவது எத்தகைய அறம்? வயிறு நிறைந்தவர்களின் வியப்பு என்று இதை ஒருவர் ஒதுக்கினால் அதில் நியாயம் இல்லாமலில்லை.

இந்த மறுப்பை நாங்கள் ஏற்கிறோம். ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சொல்கிறோம். பயனை மறுப்பது எங்கள் வாதம் அல்ல. மருந்து வேண்டும், வேலை வேண்டும், மின்சாரமும் வேண்டும். ஆனால் பயன் என்பது ஒரு பொருள் இருப்பதற்கான ஒரே நியாயமாக மாறும்போது, பயனின்றி இருப்பவை யாவும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றன. அங்கே அவற்றுக்காக வாதாட வருபவர்களும் பயனின் மொழியிலேயே பேசக் கற்றுக்கொள்கிறார்கள். சூழலியல் நண்பர்கள் செய்வது இதைத்தான். இலைமேல் வாழும் இச்சமூகங்களில் உள்ள நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கின்றன, அதில் ஒரு பங்கு தாங்கும் இலைக்கே சென்று சேர்கிறது என்று கோஸ்டா ரிக்காவில் நடந்த ஆய்வொன்று 1984இல் காட்டியது. காட்டின் நலம் குன்றுவதை இவை முன்கூட்டியே அறிவிக்கின்றன என்பதும் உண்மை. இவை மதிப்புமிக்க அறிவு, எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இவற்றை மட்டுமே வாதமாக வைத்தால், நாளை இதைவிடப் பெரிய பயன் ஒன்று எதிரே வந்து நிற்கும்போது நம்மிடம் சொல்வதற்கு எதுவும் இராது. நைட்ரஜனை மூட்டையில் வாங்கிவிடலாம். காட்டின் நலத்தை அளக்கக் கருவி வந்துவிடும்.

மீண்டும் டோப்போவுக்கு வருவோம். ஸ்ப்ரூஸ் கண்ட மிரியோகோலியா 1857க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துபோயிருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. 2002இல் ராபர்ட் கிராட்ஸ்டைன் என்ற ஈரல் தாவர அறிஞரும் உடன் சென்றவர்களும் அதே ஆற்றங்கரையில் அதை மீண்டும் கண்டார்கள். 145 ஆண்டுகள் வெள்ளம் வந்து வடிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதுவும் நனைந்து உலர்ந்து நனைந்து அங்கேயே இருந்திருக்கிறது. 2012இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் அது பொறிப்பை கொண்ட கொலூராக்களின் உறவினர் என்று தெரிந்து, அந்தப் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. அந்த ஆற்றில் நீர்மின் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். இச்சிறு தாவரத்தின் பெயரும் அந்த விவாதத்துக்குள் வந்தது. ஒருபக்கம் மெகாவாட் என்ற எண். மறுபக்கம் அந்த ஆற்றின் தெறிப்பில் நனைந்து வாழும் ஓர் உயிர். பயனின் மொழியில் பேசினால் இரண்டாவது தரப்பு வாயைத் திறக்கவே முடியாது. இது இங்கே இருக்கிறது, இது போனால் திரும்பாது என்ற ஒரே வாதம்தான் அதற்கு உண்டு. அந்த வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி ஒரு சமூகத்துக்கு எங்கிருந்து வரும்?

இலக்கியத்திலிருந்து வர வேண்டும் என்றே நாங்கள் நினைக்கிறோம். வேறெந்தத் துறையையும்விட நமக்குத்தான் அந்தப் பொறுப்பு அதிகம். ஏனெனில் பயன் கேட்கும் உலகின் முன் பயனற்றதாக நின்று பழகியவர்கள் நாம். யாரும் வாங்காத சிற்றிதழை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர்களை, முந்நூறு பிரதி விற்காத கவிதைத் தொகுப்பை அச்சிட்டவர்களை நாம் கொண்டாடுகிறோம். அவர்கள் செய்ததும் யார்க்‌ஷயரின் சாய்வுக் கட்டிலில் நடந்ததும் ஒரே காரியம். இருந்தும் இயற்கை நம் எழுத்தில் பெரும்பாலும் பின்னணித் திரையாகவே வருகிறது. மழை என்றால் துயரம், மரம் என்றால் தாய்மை, பாசி என்றால் காலத்தின் பழமை. அந்தப் பச்சைத் திட்டு எதுவென்று அருகில் சென்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. திணை வகுத்த மரபின் வாரிசுகள் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். குறிஞ்சியின் கருப்பொருளில் இன்னும் பட்டியலிடப்படாதவை ஆயிரம் இருக்கின்றன.

இதற்குப் பெரிய ஆயத்தம் ஒன்றும் வேண்டியதில்லை. மலைக்குப் போகும்போது ஓர் உருப்பெருக்கியைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். எதையும் பறிக்க வேண்டாம். ஈரமான பாதையோரத்தில் முதிர்ந்த இலையொன்றைத் தேடி, அதன் முன் குனிந்து, கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்து மெல்ல நெருங்கினால் காட்சி தெளியும். பழனி மலையின் பாசிகளை ஆராய்ந்து 1961இல் பட்டியல் வெளியிட்ட ஃபோரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் ஆண்டுகளை இப்படித்தான் செலவிட்டார். நம் மலையைக் குனிந்து பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் படிக்கத்தான் அதிகம் ஒன்றுமில்லை.

சில வாரங்கள் கழித்து நாங்கள் மீண்டும் கூடியபோது அந்த இலை சருகாகியிருந்தது. பச்சைத் திட்டு வெறும் கறையாகச் சுருங்கிக் கிடந்தது. ஸ்ப்ரூஸை நினைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு துளி நீர் விட்டோம். சில நிமிடங்களில் இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டிலிருந்து விலகி விரிந்தன. உயிர் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டோம், உருவம் திரும்பியது. முதல்முறை பயன் கேட்ட நண்பர் இம்முறை நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு, "இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

பேரினத்தை மட்டும் ஊகித்துச் சொல்ல முடிந்தது. தமிழில் சொல்ல எங்களிடம் பெயர் இல்லை.